கடனட்டையின் கடைசித் திகதி நகரும்

கடனட்டை வைத்திருக்கும் யாரிடமாவது "உங்களுக்கு எத்தனையாம் திகதி கட்ட வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஓர் இலக்கம் சொல்வார்கள். 5 என்பார்கள், 14 என்பார்கள். பெரும்பாலும் அந்த இலக்கம் ஓரிரு நாள் முன்பின்னாகத்தான் இருக்கும். அந்த ஓரிரு நாளில்தான் காசு போகிறது.

நான் பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர் பில், சுங்கத் தீர்வை, பின்திகதியிட்ட காசோலை என்று நாள் முழுக்கத் திகதிகளோடுதான் வேலை. அதனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கு வங்கியில் இருந்து என்ன வந்தாலும், படம் எடுத்து வட்ஸ்அப்பில் எனக்குத்தான் அனுப்புவார்கள். இந்த மார்ச்சில் வந்தது வெள்ளவத்தைப் பெரியம்மாவின் கடனட்டை பில். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். பெரியம்மா மாதிரி ஒழுங்காகக் காசு கட்டுகிற ஒருவருக்கே இது நடக்கும் என்றால், மற்றவர்களுக்கு நடக்க அதிக நாள் ஆகாது.

முதலில் அந்தத் திகதி எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். வங்கி நிரந்தரமாக வைத்திருப்பது ஸ்டேட்மென்ட், அதாவது மாத பில், போடும் நாளைத்தான். அதிலிருந்து இத்தனை நாள் என்று எண்ணித்தான் கடைசித் திகதி போடுகிறார்கள். சில வங்கிகளில் 20 நாள், சிலவற்றில் 25 நாள். மாதத்துக்கு 31 நாள், 30 நாள், 28 நாள் என்று வருவதால் எண்ணி முடியும் இடமும் மாறும். 10ஆம் திகதி ஸ்டேட்மென்ட், 25 நாள் அவகாசம் என்று வையுங்கள். ஜனவரி பில்லுக்கு பெப்ரவரி 4. பெப்ரவரி பில்லுக்கு மார்ச் 7. மார்ச் பில்லுக்கு ஏப்ரல் 4. ஏப்ரல் பில்லுக்கு மே 5. இங்கே ஆபத்தான இடம் மார்ச். மார்ச்சில் 7ஆம் திகதி கட்டிப் பழகியவர் "எனக்கு 7" என்று மனதில் பதித்துக்கொண்டால் ஏப்ரலில் மூன்று நாள் பிந்திவிடுவார்.

இந்த 2026ஆம் ஆண்டில் அது இன்னும் மோசம். ஏப்ரல் 4 சனிக்கிழமை. அதற்கு முதல் நாள் பெரிய வெள்ளி, வங்கி விடுமுறை. ஆக, கவுன்டரில் கட்டுகிற ஒருவருக்கு உண்மையான கடைசி நாள் ஏப்ரல் 2, வியாழன். மனதில் இருந்த 7க்கும் இதற்கும் இடையில் ஐந்து நாள். நம் நாட்டில் போயா, சித்திரைப் புத்தாண்டு, வெசாக்குக்கு இரண்டு நாள் என்று விடுமுறை அடிக்கடி வரும். கடைசித் திகதி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் கட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். உங்கள் வங்கி எழுத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் தவிர, அதற்கு முந்திய வேலை நாளைத்தான் கடைசி நாளாக எடுக்க வேண்டும்.

இது மாதத்தின் நீளத்தால் வரும் சின்ன நகர்வு. பெரியம்மாவுக்கு நடந்தது பெரிய நகர்வு.

பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்சன் 10ஆம் திகதி வாக்கில் கணக்கில் விழும். அவரது அட்டைக்குப் பல வருடமாக 20ஆம் திகதி ஸ்டேட்மென்ட், 25 நாள் அவகாசம். கடைசித் திகதி 14 அல்லது 15இல் வரும், மார்ச்சில் மட்டும் 17. பென்சன் விழுந்து இரண்டாம் நாள், 12ஆம் திகதி, காலி வீதியில் உள்ள வங்கிக் கிளைக்குப் போய் மெஷினில் காசு போட்டுவிட்டு, அப்படியே மார்க்கெட்டுக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார். பென்சனுக்குப் பிறகு, கடைசித் திகதிக்கு முன். இதைவிட நல்ல ஒழுங்கு ஒன்றை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

ஜனவரியில் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. 80,000 ரூபாவுக்குப் புதிது வாங்கினார். 22ஆம் திகதிதான் வாங்கினார். ஸ்டேட்மென்ட் போட்ட கையோடு பெரிய சாமான் வாங்கினால் வட்டியில்லாமல் கூடுதல் நாள் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். பழைய கணக்குப்படி அது பெப்ரவரி 20 பில்லில் வந்து மார்ச் 17 வரை நேரம் இருந்திருக்கும், 54 நாள். ஆனால் அந்த வங்கி தன் கணினி முறைமையை மாற்றியபோது இவரது ஸ்டேட்மென்ட் நாளை 20இல் இருந்து 10க்குக் கொண்டுவந்துவிட்டது. பெப்ரவரி 10இலேயே பில் விழுந்தது. கடைசித் திகதி மார்ச் 7. பெரியம்மா வழக்கம்போல் மார்ச் 12ஆம் திகதி 80,000த்தையும் மற்றச் செலவுகளையும் சதம் குறையாமல் கட்டினார்.

"பிள்ளை, நான் ஒருநாளும் பிந்திக் கட்டேல்ல. பென்சன் விழுந்து ரெண்டாம் நாள் கட்டிப்போடுவன். இந்தமுறையும் அப்பிடித்தான் கட்டினனான். பிறகென்ன வட்டி?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, அவமானம். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவரை ஒரு தாள் கடன்காரி என்று சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கும் அதுதான் வலித்தது.

இனி அந்த வட்டியைப் பார்ப்போம். மருந்து, சாமான் சில்லறைகளை விட்டுவிட்டு ஃபிரிட்ஜை மட்டும் எடுத்து, வருடத்துக்கு 28 வீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 61 ரூபா சொச்சம். ஐந்து நாள் பிந்தினால் 307 ரூபா என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. கடைசித் திகதிக்குள் முழுத் தொகையும் வந்து சேராவிட்டால் வட்டியில்லாத காலம் என்ற சலுகையே இல்லாமல் போய்விடும். சாமான் வாங்கிய நாளில் இருந்து வட்டி ஓடும். ஜனவரி 22இல் இருந்து மார்ச் 12 வரை 49 நாள். 3,007 ரூபா. தாமதக் கட்டணம் தனி. ஐந்து நாள் பிந்தியதற்கு 49 நாள் வட்டி என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒருமுறை சொல்லி வையுங்கள். பலருக்கு இது தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மார்ச் 10இல் அடுத்த ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது, பெரியம்மா காசு கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னர். அதில் பழைய நிலுவை, அதுவரையான 47 நாள் வட்டி, தாமதக் கட்டணம், புதுச் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு தொகை. 12ஆம் திகதி அவர் கட்டியது பழைய பில்லில் இருந்த தொகை. "முழுசாக் கட்டிட்டன்" என்பது அவர் நினைப்பு. வங்கியின் கணக்கில் வட்டியும் கட்டணமும் புதுச் செலவும் இன்னும் நிற்கின்றன, அவற்றுக்குக் கடைசித் திகதி ஏப்ரல் 4. அடுத்த பென்சனுக்குப் பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தால் இரண்டாம் மாதமும் தாமதம் விழுந்திருக்கும். நல்ல காலத்துக்கு மார்ச் மாதமே அந்தத் தாளை எனக்கு அனுப்பினார். மீதியை அந்த வாரமே கட்டிவிட்டோம். அப்படியும் ஏப்ரல் பில்லில் 122 ரூபா சொச்சம் வட்டி வந்தது, மார்ச் 10க்கும் 12க்கும் இடைப்பட்ட இரண்டு நாளுக்கானது. ஒருமுறை பிந்திவிட்டால் அடுத்த இரண்டு ஸ்டேட்மென்ட்டையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். எல்லாம் கட்டியாயிற்று என்று அட்டையை மேசையில் போட்டுவிடக் கூடாது.

28 வீதம் என்று நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2020 ஒகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பு எடுக்கப்பட்டது, அதே வருடத்தில் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. 2023 ஒகஸ்டில் மறுபடி ஓர் உத்தரவு போட்டு 28 வீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு வங்கிக்கு வங்கி மாறுகிறது. உங்களுடைய வீதம் ஸ்டேட்மென்ட்டிலேயே அச்சாகியிருக்கும். எதுவாக இருந்தாலும், இந்த நாட்டில் வீட்டுக் கடனுக்கோ அடகுக்கோ யாரும் விரும்பிக் கொடுக்காத வட்டி அது.

வங்கி அறிவிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அறிவித்திருந்தது. டிசெம்பரில் ஒரு மின்னஞ்சல், ஆங்கிலத்தில். அது போனது டொரொன்டோவில் இருக்கும் அண்ணாவுக்கு. காகித ஸ்டேட்மென்ட்டை நிறுத்திய காலத்தில் அவர்தான் தன் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்து வைத்தவர். பிடிஎஃப்பைத் திறக்க அடையாள அட்டை இலக்கத்தைக் கடவுச்சொல்லாகப் போட வேண்டும். அண்ணா பனிக்குள் இரவு வேலைக்குப் போய் வருகிறவர், அம்மாவின் பில்லை மாதாமாதம் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பெரியம்மாவின் போனுக்கு வந்தது ஒரு எஸ்எம்எஸ். தொகையும் குறைந்தபட்சக் கொடுப்பனவும் முன்னால், கடைசித் திகதி வரியின் முடிவில். அவர் தொகையை மட்டும் பார்த்திருக்கிறார். நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

நான் வங்கிக்குப் போன் எடுத்தேன். தமிழுக்கான இலக்கத்தை அழுத்தி, வெகு நேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண்பிள்ளை எடுத்தார். நன்றாகவே பேசினார். "மிஸ், டிசெம்பரே ஈமெயில் அனுப்பியிருக்கு. சிஸ்டத்தில அப்படித்தான் காட்டுது" என்றார். நான் சண்டை பிடிக்கவில்லை. பல வருடமாக ஒரு தடவைகூடப் பிந்தாத வாடிக்கையாளர், திகதியை மாற்றியது வங்கி, மாற்றிய பிறகு வந்த முதல் பில்லிலேயே இது நடந்திருக்கிறது, அதனால் தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் திருப்பிப் போடச் சொல்லி எழுத்தில் தருகிறேன் என்றேன். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தாமதக் கட்டணத்தைத் திருப்பிப் போட்டார்கள். வட்டியைத் தரவில்லை. முதல் தடவை பிந்துகிறவர் யாராக இருந்தாலும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாக யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அதே அழைப்பில் இன்னொன்றும் கேட்டேன். ஸ்டேட்மென்ட் நாளை மறுபடி 20க்கு மாற்ற முடியுமா என்று. பல வங்கிகளில் இது முடியும், அவர்கள் வைத்திருக்கும் சில குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். இங்கே 18 கிடைத்தது. கடைசித் திகதி இனி 12, 13 வாக்கில் வரும், மார்ச்சில் 15. பென்சன் 10. இடையில் இரண்டு நாள் இருக்கிறது, பெரியம்மாவுக்கு அது போதாது என்று நான் நினைக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். மாற்றும் மாதத்தில் ஒரு பில் நீண்டோ குறுகியோ வரும், அந்த மாதத்தை மட்டும் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரியம்மா மாட்டிக்கொண்டதே அப்படியொரு குறுகிய பில்லில்தான்.

சம்பளக்காரர்களுக்கும் இதே விசயம்தான். கொழும்பில் நிறையக் கம்பனிகளில் 25ஆம் திகதி சம்பளம். கடைசித் திகதி 20, 22 என்று இருந்தால் மாதக் கடைசியில் கணக்கு காய்ந்திருக்கும்போது பில் வந்து நிற்கும். மூன்று அட்டை வைத்திருப்பவருக்கு மூன்று திகதி. எல்லாவற்றையும் சம்பளத்துக்குப் பிந்திய வாரத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு போன் அழைப்பு, அவ்வளவுதான்.

நிலையான கட்டளை கொடுத்துவிட்டால் கவலை இல்லை என்று ஆபீசில் ஒரு தம்பி சொன்னார். எந்த வகைக் கட்டளை என்பதில் இருக்கிறது விசயம். அட்டை தந்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கு இருந்து, கடைசித் திகதியில் தானாக எடுக்கச் சொல்லியிருந்தால், திகதி நகர்ந்தாலும் கட்டளை கூடவே நகரும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வேறு வங்கியில் இருந்து "மாதாமாதம் 7ஆம் திகதி இவ்வளவு அனுப்பு" என்று போட்ட கட்டளைக்கு அட்டை வங்கி திகதியை மாற்றியது தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு 7இல் அனுப்பிக்கொண்டிருக்கும். இன்னொன்று, படிவத்தில் முழுத் தொகையா, குறைந்தபட்சத் தொகையா என்று ஒரு கட்டம் இருக்கும். குறைந்தபட்சம் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டும்தான் தப்பும், வட்டி ஓடும். அந்தத் தம்பியின் படிவத்தை எடுத்துப் பார்த்தபோது குறைந்தபட்சம் என்ற கட்டத்தில்தான் அடையாளம் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் நிரப்பிக் கொடுத்தாராம். அன்றே மாற்றிவிட்டு வந்தார்.

காசு போய்ச் சேரும் நேரமும் ஒரு விசயம். லங்காபேயின் செஃப்ட்ஸ் முறையில் ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்குப் போயாவிலும் நள்ளிரவிலும் உடனே பணம் போகும். ஆனால் போன பணத்தை அட்டைக் கணக்கில் எந்தத் திகதியில் பதிகிறார்கள் என்பது பெறுகிற வங்கியின் கையில். காசோலை என்றால் மாறி வந்த பிறகுதான் கணக்கு. இரண்டு, மூன்று வேலை நாள் முன்னதாக அனுப்பிவிடுவது எப்போதும் நல்லது. அட்டை தொலைந்து புதிது வந்திருந்தால் செயலியில் சேமித்து வைத்த பழைய அட்டை இலக்கத்தையும் மாற்றுங்கள்.

வங்கிகள் கைமாறும் காலமும் இது. எச்எஸ்பிசி தன் இலங்கைச் சில்லறை வங்கிப் பிரிவை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்குக் கொடுப்பதாக 2025 செப்டெம்பரில் அறிவித்தது. பெரியம்மாவின் அட்டை இந்த இரண்டிலும் இல்லை. ஆனால் எந்த வங்கியில் இருந்து எந்த வங்கிக்கு மாறினாலும், புது அட்டை, புது முறைமை என்று ஒரு கடிதம் வந்தால், அதில் நான் முதலில் தேடுவது ஸ்டேட்மென்ட் நாளைத்தான்.

பிந்தியது கிரிப்புக்கு, அதாவது கடன் தகவல் பணியகத்துக்கு, போகுமா என்று பெரியம்மா பயந்தார். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தப் பணியகத்துக்கு வங்கிகள் மாதாமாதம் நம் கடன் விவரத்தைக் கொடுக்கின்றன, ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், பிந்தியதும் இருக்கும். அது கறுப்புப் பட்டியல் இல்லை. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வீட்டுக் கடனுக்குப் போக இருப்பவர்கள் முன்கூட்டியே ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

சரி, இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். பென்சனுக்கும் கடைசித் திகதிக்கும் இடையில் இரண்டு நாள் போதாது என்றேன் அல்லவா. அதனால் கடைசித் திகதியைப் பார்த்துக் கட்டுவதையே விட்டுவிட்டோம். ஸ்டேட்மென்ட் எஸ்எம்எஸ் வந்த அன்றைக்கோ மறுநாளோ கட்டுவது. 18ஆம் திகதி பில் வரும்போது அந்த மாதப் பென்சன் கணக்கில் இருக்கும். 20ஆம் திகதிக்குள் கட்டியாயிற்று என்றால் கடைசித் திகதி 12 ஆனால் என்ன, 15 ஆனால் என்ன. இருபது நாள் வட்டியில்லாத காசை விட்டுக்கொடுக்கிறோமே என்று அண்ணா டொரொன்டோவில் இருந்து சொன்னார். சேமிப்புக் கணக்கில் அந்த இருபது நாளுக்குக் கிடைப்பது சொற்பம். ஒரு தடவை பிந்தினால் போவது மூவாயிரம். பெரியம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. எஸ்எம்எஸ் வராமல் போனால்? 19ஆம் திகதி வரை வராவிட்டால் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பார், நான் செயலியில் பார்த்துச் சொல்வேன். பில் வராததுதான் திகதி மாறியதற்கு முதல் அறிகுறி.

மின்னஞ்சல் முகவரியில் அண்ணாவுடையதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டிருக்கிறோம். வட்டிக்கான முறைப்பாடு இன்னும் முடியவில்லை. வங்கி கடைசியாக இல்லை என்று சொன்னால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதுவதாக இருக்கிறேன். 1935 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். தொகை சிறிதுதான். வங்கிக்கு எழுதிய கடிதத்தில் நான் முதலாவதாகக் கேட்டிருப்பதும் தொகையை இல்லை. ஸ்டேட்மென்ட் நாளை மாற்றினால், மாற்றிய பிறகு வரும் முதல் பில்லின் எஸ்எம்எஸ்ஸில் புதிய கடைசித் திகதியை வரியின் தொடக்கத்தில், வாடிக்கையாளர் கேட்ட மொழியில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.